பனிச்சாலைக்கு எந்த டயர்? பட்டன், பள்ளம், கீறல் பார்த்து ஒரு ஒப்பீடு

குளிர்கால டயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "பனியில் எது நல்லாப் பிடிக்கும்?" என்பதுதான். கேள்வி சரி, ஆனால் பாதிதான். எந்தப் பனி என்பது மீதிப் பாதி. நேற்றிரவு விழுந்து இன்னும் யாரும் மிதிக்காத புதுப்பனி ஒன்று. வண்டிகள் ஓடி ஓடி இறுகிப்போன பனி வேறொன்று. உப்புத் தூவிய சாலையில் பழுப்பு நிறக் கூழாகக் கிடக்கும் பனிச்சேறு மூன்றாவது. இந்த மூன்றையும்விட மோசமானது, பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி மேலே ஈரம் படர்ந்து கிடக்கும் பனிக்கட்டி. இந்த நான்கும் டயரிடம் கேட்பவை வேறு வேறு. ஒன்றுக்கு உதவும் அமைப்பு இன்னொன்றில் காலை வாரிவிடும்.

கடையில் இன்று கிடைப்பவற்றைப் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடக்கிவிடலாம்: மத்திய ஐரோப்பியச் சாலைகளை மனதில் வைத்துச் செய்யப்படும் ஆல்பைன் வகைக் குளிர்கால டயர், வடதுருவப் பக்கத்து நாடுகளுக்கான, ஆணி இல்லாத நார்டிக் டயர், உலோக ஆணி பதித்த டயர், வருடம் முழுக்க ஓட்டக்கூடிய ஆல்வெதர் டயர். எதை எடுப்பது என்று பார்ப்பதற்கு முன், பட்டன்களுக்கு, அதாவது டயரின் மேல் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டைகளுக்கு, நடுவே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது புரிந்துவிட்டால் விற்பனையாளர் சொல்வதில் எது சரக்கு, எது சத்தம் என்று நாமே பிரித்துவிடலாம்.

பனியைப் பிடிப்பது பனிதான்

ரப்பர் பனிமேல் எளிதாக வழுக்கும். பனி பனிமேல் அவ்வளவு எளிதாக வழுக்காது. பனிக்கான டயர் வடிவமைப்பு முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது.

சக்கரம் உருளும்போது தரையிலுள்ள பனி, பட்டன்களுக்கு இடையேயுள்ள பள்ளங்களுக்குள் அழுந்தி ஏறுகிறது. வண்டியின் எடையில் நசுங்கி அது கெட்டியாகிறது. கையில் பனியை அள்ளி இறுக்கினால் உருண்டையாகிறதே, அதேதான் இங்கே வண்டியின் எடையால் நடக்கிறது. பள்ளத்துக்குள் உருவான இந்தக் குட்டிச் சுவர், கீழேயுள்ள பனியோடு இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. டயர் வழுக்க வேண்டுமானால் இந்தச் சுவரை அறுத்துக்கொண்டுதான் நகர வேண்டும். அறுக்கத் தேவைப்படும் விசைதான் நமக்குக் கிடைக்கும் பிடிப்பில் பெரும்பங்கு.

இதிலிருந்து பல விஷயங்கள் தாமாக வந்து விழுகின்றன. பள்ளம் அகலமாகவும் ஆழமாகவும் இருந்தால் சுவர் தடிமனாக இருக்கும், அறுப்பது கடினம். பள்ளம் குறுக்காகப் போனால் வண்டியைக் கிளப்பவும் நிறுத்தவும் உதவும். நீளவாக்கில் போனால் வளைவில் பக்கவாட்டாக இழுத்துக்கொண்டு போகாமல் தடுக்கும். இரண்டும் வேண்டும் என்பதால்தான் குளிர்கால டயர்களில் பள்ளங்கள் பெரும்பாலும் சாய்வாக ஓடுகின்றன. இடையிடையே நீளவாக்கிலும் சில இருக்கும். நீளப் பள்ளங்கள் மட்டுமே கொண்ட டயர் நேராக ஓடும்போது நன்றாகத்தான் இருக்கும். ஏற்றத்தில் நின்று கிளப்பும்போது அதன் வண்டவாளம் தெரியும்.

கோடை டயருக்குப் பழகியவர்கள் பள்ளம் சுத்தமாக இருந்தால்தான் நல்லது என்று நினைப்பார்கள். மழைக்கு அது உண்மை. பனியில், தரையைத் தொடும் நேரத்தில் பள்ளத்துக்குள் பனி தங்க வேண்டும். அதற்காகவே சில தயாரிப்பாளர்கள் பள்ளத்தின் அடியிலும் சுவர்களிலும் சிறு பற்களை வைக்கிறார்கள். அதே சமயம், தரையை விட்டு மேலே போன பிறகு அந்தப் பனி உதிர்ந்தும் விட வேண்டும். உதிராமல் அடைத்துக்கொண்டால் அடுத்த சுற்றில் டயர் மொட்டை டயர் மாதிரிதான். பள்ளங்கள் ஓரத்தை நோக்கி அகன்று போவதும், சுவர்கள் சாய்வாக இருப்பதும் பனி உதிர்வதற்காகத்தான். பட்டன்கள் தரையைத் தொட்டு விடும்போது லேசாக நெளிவதும் இதற்கு உதவுகிறது.

பனியின் வெப்பநிலையும் கணக்கில் வரும். பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே பனி நன்றாக ஒட்டும், அழுத்தினால் கெட்டியாகும். மைனஸ் இருபதில் விழும் பனி காய்ந்த மணல் மாதிரி உதிரி. பள்ளத்துக்குள் போனாலும் சுவர் உறுதியாக நிற்காது. அங்கே பள்ளத்தைவிட ரப்பரின் மென்மையும் விளிம்புகளின் எண்ணிக்கையும் அதிகம் வேலை செய்கின்றன.

எவ்வளவு வித்தியாசம் வரும்? மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பிரேக் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். டயர் தளத்தை எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்லும் எண்ணான உராய்வுக் கெழு, உலர்ந்த தாரில் 0.8 என்றால் சுமார் 12 மீட்டரில் நிற்கலாம். இறுகிய பனியில் 0.3 கிடைத்தால் சுமார் 33 மீட்டர். அது 0.15 ஆகக் குறைந்தால் 66 மீட்டர். ஈரமான பனிக்கட்டியில் 0.1 தான் என்றால் கிட்டத்தட்ட 100 மீட்டர். ஓட்டுநர் சுதாரிக்கும் நேரத்தில் போகும் தூரத்தை இதில் சேர்க்கவில்லை. நல்ல டயருக்கும் பொருந்தாத டயருக்கும் இருக்கும் வித்தியாசம் கெழுவில் புள்ளிக்குப் பின்னால் ஒரு எண்ணாகத் தெரியும். சாலையில் அது பல கார் நீளமாகிவிடும்.

பனிக்கட்டி கேட்பது வேறு

இறுகிய பனிக்கட்டியில் பள்ளத்துக்குள் ஏற எதுவும் இல்லை. அறுக்கச் சுவரும் இல்லை. அங்கே எவ்வளவு ரப்பர் தரையைத் தொடுகிறது, அது எவ்வளவு மென்மையாக நெளிந்து உட்காருகிறது, நடுவிலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தை எப்படித் துடைக்கிறது என்பவைதான் முக்கியம். பனியில் உதவிய அகலப் பள்ளம் இங்கே நஷ்டம். அத்தனை ரப்பர் குறைகிறது அல்லவா!

இரண்டையும் ஓரளவு சமாளிக்க வைப்பவைதான் பட்டன்கள் மேல் ஓடும் மெல்லிய கீறல்கள். ஜான் சைப் என்பவர் 1923-இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். டயர்த் தொழிலில் இன்றும் இவற்றைச் சைப் என்றே சொல்கிறார்கள். அகலம் அரை மில்லிமீட்டர் அளவுதான். ஒரு டயரில் இவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும். ஒவ்வொரு கீறலும் இரண்டு புதிய விளிம்புகளைத் தருகிறது. பிரேக் அடிக்கும்போது பட்டன் லேசாகச் சாய, இந்த விளிம்புகள் தரையைச் சுரண்டிப் பிடிக்கின்றன. கீறலின் இடுக்கு நீர்ப்படலத்தைக் கொஞ்சம் உறிஞ்சியும் கொள்கிறது.

அப்படியென்றால் இன்னும் ஆயிரம் கீறலைப் போட்டுவிடலாமே? முடியாது. கீறல் கூடக் கூட பட்டன் தளர்ந்துபோகும். அளவு மீறிச் சாய்ந்தால் அதன் ஒரு ஓரம் மட்டும் தரையைத் தொட, மீதி தூக்கிக்கொண்டு நிற்கும். பனிக்கட்டிமேலேயே பிடிப்பு குறையும். உலர்ந்த சாலையிலோ ஸ்டியரிங் கொழகொழவென்று இருக்கும், பட்டன்களும் சீக்கிரம் தேயும். இதற்குத் தீர்வாக வந்தவைதான் உள்ளே வளைந்து நெளிந்து போகும் கீறல்கள். மேலிருந்து பார்த்தால் சாதாரணக் கோடு. உள்ளே சுவர்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும். அழுத்தம் வந்தால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பட்டனை நிமிர்த்திப் பிடிக்கும். இன்றைய நல்ல டயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

கடையில் நிற்கும்போது ஒன்று பார்க்கலாம். கீறல் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது? சில டயர்களில் கீறல்கள் பாதி ஆழத்திலேயே நின்றுவிடும். இரண்டு குளிர்காலம் ஓட்டித் தேய்ந்த பிறகு பள்ளம் மிச்சமிருக்கும், கீறல் இருக்காது. மெல்லிய அட்டை ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

முரட்டுத் தோற்றம் பனிக்கு உதவுமா?

பெரிய பெரிய பட்டன்கள், நடுவே விரல் போகும் அகலத்துக்கு இடைவெளி: சேற்றுக்கான டயர் பார்க்க மிரட்டலாக இருக்கும். மேலே எம் பிளஸ் எஸ் (சேறு, பனி) என்று முத்திரையும் இருக்கலாம். ஆழமான புதுப்பனியில் ஓரளவு உழுதுகொண்டு போகும். இறுகிய பனியிலும் பனிக்கட்டியிலும் இது பலவீனம். பட்டன் பெரிது என்றால் விளிம்பு குறைவு. கீறல்கள் இல்லை, அல்லது பெயருக்கு நாலு. ரப்பரும் கற்களைத் தாங்குவதற்காகக் கெட்டியாகச் செய்யப்பட்டது. ஜீப், எஸ்யூவி வைத்திருப்பவர்கள் தோற்றத்தைப் பார்த்து ஏமாறும் இடம் இது. நான்கு சக்கர இயக்கம் இருக்கிறதே என்று சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள். அது வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்த உதவாது. எல்லா வண்டியும் நான்கு சக்கரத்தாலும்தான் நிற்கிறது.

அம்புக்குறி டயரா, சமச்சீரற்றதா?

வி வடிவத்தில் பள்ளங்கள் ஓடும் டயர்களில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். பனிச்சேற்றையும் நீரையும் நடுவிலிருந்து இரு பக்கமும் தள்ளிவிட இது மிக நல்ல வடிவம். குறை ஒன்றுதான்: ரிம்மிலிருந்து கழற்றாமல் இடது சக்கரத்தை வலதுக்கு மாற்ற முடியாது, முன்னும் பின்னும் மட்டுமே மாற்றலாம்.

சமச்சீரற்ற டயரில் வெளிப்பாதி ஒரு மாதிரி, உள்பாதி ஒரு மாதிரி. வெளிப்பக்கத்துப் பட்டன்கள் தடித்து, வளைவில் உலர்ந்த சாலையைத் தாங்கும். உள்பக்கத்தில் கீறலும் பள்ளமும் கூடுதல். வேகமான நெடுஞ்சாலைகளில் அதிகம் ஓட்டுபவர்களுக்கு இது இதமாக இருக்கும்.

பனிச்சேறு அதிகம் என்றால் அம்புக்குறி டயர்தான் என் தேர்வு. மற்றபடி இந்த வேறுபாட்டுக்கு விளம்பரங்கள் தரும் முக்கியத்துவம் அதிகம் என்பது என் கருத்து. ரப்பர் கலவையும் ஆழமும் கீறலும் சரியாக இருந்தால், பள்ளம் வி வடிவமா வேறு வடிவமா என்பது இரண்டாம்பட்சம்.

ஆல்பைனா, நார்டிக்கா?

பெரும்பாலானோருக்கு உண்மையான முடிவு இங்கேதான்.

ஆல்பைன் வகை, குளிர்ந்தாலும் பெரும்பாலும் சுத்தம் செய்யப்பட்ட சாலைகளுக்கானது. ஈரத் தார், பனிச்சேறு, நடுநடுவே இறுகிய பனி, பிறகு வேகமான நெடுஞ்சாலை என்று எல்லாம் கலந்துவரும் பயணம் இதன் களம். பட்டன்கள் ஓரளவு கெட்டி. கீறல்கள் நிறைய, ஆனால் கோத்துக்கொள்ளும் வகை. நீரை வெளியேற்றும் பள்ளங்களுக்கு முதல் மரியாதை. வேகக் குறியீடு பெரும்பாலும் எச் அல்லது வி. அதாவது மணிக்கு 210 அல்லது 240 கி.மீ. வரை தாங்கும் கட்டமைப்பு. அந்த வேகத்தில் யாரும் பனியில் போகப் போவதில்லை. ஆனால் அந்தக் குறியீடே டயர் எவ்வளவு கெட்டியாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நார்டிக் வகையின் கலவை இன்னும் மென்மை. மைனஸ் இருபது, முப்பதிலும் விறைக்காமல் இருக்க வேண்டும். கீறல்கள் நெருக்கம். பனிக்கட்டிமேல் அதிக ரப்பர் உட்கார வேண்டும் என்பதற்காகப் பட்டன்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். வேகக் குறியீடு கியூ, ஆர், டி என்று கீழே இருக்கும். மணிக்கு 160 முதல் 190 கி.மீ. வரை. ஜப்பானில் வளர்ந்த ஆணியில்லா டயர்களும் குணத்தில் இதற்குப் பக்கத்தில்தான் வரும். ஆணி டயர்கள் சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசி அங்கே பெரிய பிரச்சினையாகி, 1990-இல் அவற்றுக்கு எதிராகச் சட்டமே வந்தது. ஆணி இல்லாமலேயே பனிக்கட்டியைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தில் ரப்பருக்குள்ளேயே நுண்துளைகள் வைக்கும் வழிகள் வந்தன. பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தின் பிளிஸாக் டயர் அந்தச் சட்டத்துக்கு இரண்டு வருடம் முன்பே, 1988-இல் வந்துவிட்டது. நுண்துளைகள் நீர்ப்படலத்தை உள்வாங்கிக்கொள்ள, ரப்பர் நேரடியாகப் பனிக்கட்டியைத் தொடுகிறது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இறுகிய பனியில் இரண்டுமே நன்றாக இருக்கும். நார்டிக் சற்று முன்னால். பனிக்கட்டியில் நார்டிக் தெளிவாக முன்னால். ஆனால் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேலே ஏறி, மழை பெய்து சாலை ஈரமானால் கதை தலைகீழாகிவிடும். மென்மையான, கீறல் நிறைந்த பட்டன்கள் ஈரத் தாரில் வளைந்து கொடுக்கும். நார்டிக் டயருக்கு நிற்பதற்குப் பல மீட்டர் கூடுதலாகத் தேவைப்படும். வெயில் வந்த மார்ச் மாதத்து உலர்ந்த சாலையில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பும். தேய்மானமும் வேகம்.

இங்கே ஒரு பழக்கமான தவறு நடக்கிறது. பனி விழும் இடம் என்றாலே மிகக் கடுமையான டயரை வாங்கிவிட வேண்டும் என்று நினைப்பது. குளிர்காலத்தின் நூறு நாளில் எண்பது நாள் ஈரத் தாரும் உலர்ந்த தாரும்தான் என்றால், நார்டிக் டயர் அந்த எண்பது நாளும் நமக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதுகாப்பைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. சராசரி நாளுக்காக டயர் வாங்குவதா, மோசமான நாளுக்காகவா? என்னைக் கேட்டால், மோசமான நாளில் வீட்டில் இருந்துவிட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. முடியும் என்றால் சராசரி நாளுக்கு வாங்குங்கள், ஆல்பைன் போதும். இரவுப் பணிக்கு மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டியவர், பனி அள்ளும் வண்டி வருவதற்கு முன்பே விடியற்காலையில் கிளம்புபவர், சரிவில் வீடு உள்ளவர் ஆகியோர் மோசமான நாளுக்கு வாங்க வேண்டும். அவர்களுக்கு நார்டிக். ஈரச் சாலையில் இடைவெளி கூடுதலாக விட்டு ஓட்டி அதன் குறையைச் சமாளிக்கலாம். பனிக்கட்டியில் ஆல்பைனின் குறையை அப்படிச் சமாளிப்பது கடினம்.

ஆணி டயர்

டங்ஸ்டன் கார்பைடு முனை கொண்ட ஆணிகள் பட்டனிலிருந்து சுமார் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். பூஜ்ஜியத்தை ஒட்டிய ஈரப் பனிக்கட்டியில் இதை மிஞ்ச ஆளில்லை. மற்ற எல்லா டயரும் தடுமாறும் அந்த இடத்தில் இது குத்திப் பிடிக்கும். ஆனால் புதுப்பனியில் ஆணியால் பெரிய லாபம் கிடையாது. ஆணிக்குக் குத்த கெட்டியான தளம் வேண்டும். மிகக் கடுங்குளிரில், மைனஸ் இருபதுக்குக் கீழே, பனிக்கட்டி கெட்டிப்பட்டு உலர்ந்துவிடுவதால் ஆணியின் சாதகம் சுருங்கும். நல்ல நார்டிக் டயர் அங்கே பக்கத்தில் வந்துவிடும்.

வெறும் தாரில் ஆணி ஒரு தொல்லை. சத்தம், சாலைத் தேய்மானம், தூசி. உலர்ந்த, ஈரத் தாரில் உலோக முனை வழுக்கவும் செய்யும். ஜெர்மனியில் பொதுவாகத் தடை. பின்லாந்து, சுவீடன், நார்வேயில் குளிர்காலத்துக்கு மட்டும் அனுமதி. நம் சாலை எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பார்க்காமல் வாங்கக்கூடாது. வாங்கினால் முதல் சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட்ட வேண்டும், அப்போதுதான் ஆணிகள் ரப்பரில் சரியாக உட்காரும். மண் சாலையிலோ ஏரிக்கரையிலோ, உருகி உருகி உறையும் பகுதியிலோ ஓட்டாதவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆல்வெதரும் ஆல்சீசனும் ஒன்றல்ல

பழைய ஆல்சீசன் டயர்களில் பலவற்றில் எம் பிளஸ் எஸ் முத்திரை மட்டும் இருக்கும். சேறு, பனி என்று பெயரில் இருந்தாலும், அந்த முத்திரைக்குப் பின்னால் பனிச் சோதனை எதுவும் கட்டாயமில்லை. வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்ளலாம். மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் உள்ள சின்னம் வேறு. வட அமெரிக்காவில் 1999-இல் வந்த இந்தச் சின்னத்துக்கு, ஓரளவு இறுகிய பனியில் இழுவைச் சோதனை உண்டு. ஒப்பீட்டுக்கான நிலையான டயரைவிடக் குறைந்தது பத்து சதவீதம் கூடுதல் பிடிப்பைக் காட்ட வேண்டும் என்பது அதன் தொடக்க அளவுகோல்.

பத்து சதவீதம் என்பது நுழைவுத் தேர்வு. மதிப்பெண் பட்டியல் அல்ல. தட்டுத் தடுமாறிப் பாஸ் ஆன டயருக்கும் முதல் மாணவனுக்கும் ஒரே சின்னம்தான். தவிர, இது பனிக்கட்டிக்கான சோதனையும் அல்ல, வளைவில் பிடிக்குமா என்பதற்கான சோதனையும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே மாதம் முதல் டயர் லேபிளில் பனிக்கு ஒன்று, பனிக்கட்டிக்கு ஒன்று என இரண்டு தனிச் சின்னங்கள் வந்திருப்பது நல்ல மாற்றம். பனிக்கட்டிச் சின்னம் இருந்தால் அது நார்டிக் குணமுள்ள டயர் என்று பெரும்பாலும் கொள்ளலாம். இல்லை என்றால் உடனே மட்டமான டயர் என்று அர்த்தமில்லை.

ஆல்வெதர் டயர்களில் இந்த மலைச் சின்னம் இருக்கும். மிச்செலின் 2015-இல் கொண்டுவந்த கிராஸ்கிளைமேட் இதில் பெயர் வாங்கியது. எப்போதாவது பனி விழும் இடத்தில், விழுந்த அன்றே சாலையைச் சுத்தம் செய்துவிடுவார்கள் என்றால் இது போதும். டயரை வருடத்துக்கு இருமுறை மாற்றும் அலைச்சலும் இல்லை, வைக்க இடமும் தேடவேண்டாம். ஆனால் இதில் மறைந்திருக்கும் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும்: கோடை முழுக்கவும் இதே பட்டன்தான் தேய்கிறது. மூன்றாவது குளிர்காலம் வரும்போது ஆழம் பாதியாகி, பனிக்கு உதவும் பகுதி கணிசமாகப் போயிருக்கும். தனிக் குளிர்கால டயர் அந்த நேரத்தில் இன்னும் நல்ல ஆழத்தோடு இருக்கும். செலவுக் கணக்குப் போடும்போது பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு செட் வைத்தால் இரண்டும் பாதிப் பாதி நாள்தானே ஓடுகின்றன.

ஆழமும் அகலமும்

புதிய குளிர்கால டயரில் பள்ளம் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் இருக்கும். பல நாடுகளில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். பனியைப் பொறுத்தவரை அந்த எண்ணை மறந்துவிடுங்கள். நாலு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பனிச் சுவரின் உயரம் பாதிதான், கீறல்களும் பல மறைந்திருக்கும். ஆஸ்திரியாவில் குளிர்கால டயருக்குச் சட்டமே நாலு மில்லிமீட்டர் கேட்கிறது. சில டயர்களில் இந்த அளவுக்கு வந்ததும் மறையும்படி ஒரு பனித்துகள் குறியை அச்சிட்டிருப்பார்கள். ஜப்பானிய வகைகளில் பாதி தேய்ந்ததும் தென்படும் மேடுகள் உண்டு. ஆல்பைனா நார்டிக்கா என்று மணிக்கணக்கில் பேசிவிட்டு, மூன்று மில்லிமீட்டர் பள்ளத்தோடு பனியில் இறங்குபவர்களுக்கு அந்த விவாதமே வீண். தேய்ந்த நல்ல டயரைவிடப் புதிய சுமாரான டயர் பனியில் பெரும்பாலும் மேல்.

அகலத்தில் இரு கட்சி உண்டு. ஆழமான புதுப்பனியிலும் பனிச்சேற்றிலும் குறுகிய டயர்தான் கெட்டிக்காரன். அதே எடை சிறிய பரப்பில் அழுத்துவதால் பனியைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள தளத்துக்குப் போகும். முன்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டிய பனியும் குறைவு. இறுகிய பனியிலும் பனிக்கட்டியிலும் இந்தச் சாதகம் மங்கிவிடும், அங்கே விளிம்புகளின் மொத்த நீளம் பேசும். வண்டிக் கையேட்டில் இரண்டு அளவு கொடுத்திருந்தால் குளிர்காலத்துக்குக் குறுகியதை எடுப்பேன். விலையும் பெரும்பாலும் குறைவு. சிறிய ரிம், உயரமான டயர்ச் சுவர் என்றால் பனிக்கு அடியில் மறைந்திருக்கும் குழியில் ரிம் அடிபடுவதும் குறையும். கையேட்டில் இல்லாத அளவுக்குப் போக வேண்டாம். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் பாகமான காலிப்பரில் ரிம் இடிக்கலாம்.

எதை எடுத்தாலும் நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். முன்சக்கர இயக்கம் என்பதால் முன்னால் இரண்டு மட்டும் போட்டால் வண்டி நன்றாகக் கிளம்பும், முன்பக்கம் நன்றாகவும் திரும்பும். பின்பக்கம் அதோடு வராது. வளைவில் பிரேக் தொட்டால் வால் முன்னால் வந்து நிற்கும். சமமில்லாமல் தேய்ந்த நான்கு இருந்தால் ஆழம் கூடுதலானவை பின்னால் போக வேண்டும் என்பதும் இதனால்தான். கடைக்காரர் முன்னால் போட்டுக் கொடுத்தால் மாற்றச் சொல்லுங்கள்.

பழைய டயர் விலைக்கு வரும்போது பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-வது வாரம். பட்டன் ஆழம் ஏழு மில்லிமீட்டர் இருந்தாலும், வருடக்கணக்கில் கிடந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். நார்டிக் டயரின் பலமே அந்த மென்மை என்பதால் இழப்பும் அதற்குத்தான் அதிகம். ஆறேழு வருடம் பழைய பெயர்பெற்ற நார்டிக் ஒரு பக்கம், இந்த வருடம் வந்த நடுத்தர ஆல்பைன் இன்னொரு பக்கம், விலை ஒன்று என்றால், நான் புதியதையே எடுப்பேன். நகத்தால் பட்டனை அழுத்திப் பாருங்கள். தடம் விழவில்லை என்றால் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பேரம் பேச வேண்டாம்.